இன்னொரு சுற்று

அசையக் கூடாது என்று தவசி மச்சான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அசையக் கூடாது, இருமக் கூடாது, கொசு கடித்தாலும் தட்டக் கூடாது. சரி என்றேன். சரி என்ற அந்த நொடியிலிருந்து எனக்குத் தொண்டை அரிக்கிறது. கண்மாயில் தண்ணீர் வற்றி வற்றி நடுவில் கொஞ்சம் சேறாக ஒதுங்கியிருக்கிறது, அந்தச் சேற்றைச் சுற்றி இடுப்பளவு கோரை, அந்தக் கோரையின் ஓரத்தில் நான். வலது கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் மின்னல், மச்சானுடைய கன்னி நாய், வேட்டைக்கென்றே வளர்க்கிற ஜாதி, ஒட்டிய வயிறும் நீண்ட முகமுமாக உட்கார்ந்திருக்கிறது. அது என்னைவிட நன்றாக அசையாமல் இருக்கிறது. தூரத்தில், மடைப் பக்கம், ரூபியின் குரல் போய்க்கொண்டிருக்கிறது. ரூபி பீகிள், வெளிநாட்டு ஜாதி. காரைக்குடியில் ஒரு டாக்டர் வீட்டில் வளர்ந்தது, அவர்கள் வெளிநாடு போகும்போது மச்சானுடைய குட்டியானை லோடு வண்டியில்தான் சாமான்களை ஏற்றினார்கள், ஏற்றி முடித்தபின் நாய் மட்டும் மிச்சமிருந்தது. தொங்கின காதும் கட்டைக் காலுமாக அது ஊருக்குள் வந்த அன்று எல்லோரும் சிரித்தார்கள். இது முயல் பிடிக்கவா, முயல் இதைப் பிடிக்கவா என்றார்கள். ஆனால் மூக்கு. தரையில் மூக்கை வைத்துவிட்டால் அது வேறு நாய். குரைப்பதில்லை, ஒரு மாதிரி இழுத்துப் பாடுகிறது, ஒப்பாரிக்கும் சந்தோஷத்துக்கும் நடுவில். இப்போது பாடிக்கொண்டு போகிறது. அதற்கு முன்னால் எங்கேயோ அந்த முயல் போகிறது.

முயல் சுற்றி வரும் என்றார் மச்சான். "எழுப்பின எடத்துக்கே வரும் மாப்ள. பெரிய வட்டம் போடும், சின்ன வட்டம் போடும், கடைசில தான் படுத்திருந்த எடத்துக்கு வந்து நிக்கும். ரூபிக்கு ஓடத் தெரியாது, அதனால முயலும் ரொம்ப பயப்படாம நிதானமாத்தான் வரும். நீ இங்கயே நில்லு. வந்து நின்னதும் கயித்த விட்டுட்டு ஒரே வார்த்தை, பிடி. அவ்வளவுதான். மிச்சத்த மின்னல் பாத்துக்கும்." ரூபி அதை எழுப்பின இடம் இதோ என் கால் பக்கத்தில்தான் இருக்கிறது. கோரைக்கு அடியில் ஒரு சின்னக் குழிவு, உள்ளங்கை இரண்டைச் சேர்த்துக் குவித்தால் எவ்வளவோ அவ்வளவு. போவதற்கு முன் மச்சான் என் கையைப் பிடித்து அதில் வைத்தார். சூடாக இருந்தது. புல்லில் அவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அக்கா மில்லுக்குப் போன நாட்களில், விடியுமுன் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனபின், நான் உருண்டு அவள் படுத்திருந்த பாய்க்குப் போவேன், அதுவும் இப்படித்தான் இருக்கும். ஆள் இல்லாமல் ஆளின் சூடு மட்டும். அந்தச் சூடு போவதற்குள் தூங்கிவிட வேண்டும் என்று கண்ணை இறுக்கிக்கொள்வேன். ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது. நான் கவனமாக இருக்க வேண்டும். பிடி. பிடி. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். மின்னலின் காது லேசாகத் திரும்புகிறது. சத்தம் வந்துவிட்டதோ.

கயிறு என் கையில் இருப்பதே ஒரு கோளாறான ஏற்பாடு. மச்சான் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் உயிர்க்கொலை செய்யக் கூடாது, இங்கே எல்லோரும் பார்ப்பதுதான், ஆனால் தவசி மச்சானைப் போலப் பார்த்தவர் கிடையாது. அக்காவுக்கு இரண்டு தடவை தங்கவில்லை. முதல் தடவை எங்களிடம் சொல்வதற்கு முன்பே போய்விட்டது, இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். மச்சான் தாடியை எடுக்கவில்லை, முடி வெட்டவில்லை. டீக்கடையில் சாமியாரே வாங்க என்கிறார்கள், சிரித்துக்கொண்டே போய் உட்கார்கிறார். கொசுவைத் தட்டுவதில்லை, துண்டால் விசிறி அனுப்பிவைக்கிறார். போன வாரம் வண்டியில் ஒரு எலி இருந்தது, அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். எறங்கிக்கங்கன்னு மரியாதையாச் சொன்னீங்களா என்று அக்கா கேட்டாள். கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். சிரித்தாலும் வாந்தி, பேசினாலும் வாந்தி. சோறு என்றால் வாந்தி. ரத்தம் குறைவாக இருக்கிறது, எடை ஏறவில்லை, இப்படியே போனால் அட்மிட் செய்யணும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் படித்தவன் மாதிரி தெரிந்தேன் போல. நான் தலையை ஆட்டினேன். அக்காதான் கேள்வி கேட்டாள். எப்போதும் அவள்தான் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, ரேஷன் கடையில், கல்லூரிக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசில் அலைந்தபோது, எல்லா ஜன்னலிலும் நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன், அவள் பேசினாள். மில்லில் மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி அவள் குரல் பெரிதாகிவிட்டது. நான் ஒருத்தி பேசினா ஊருக்கே கேக்கும் என்பாள். அந்தக் குரல் இப்போது சின்னதாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற மாதிரி.

அப்படி இருந்தவள் முந்தாநாள் திடீரென்று முயல் கறி என்றாள். மச்சான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். ஏன்க்கா முயல் என்று நான் கேட்டேன். "ஆட்டுக்கறியில ஒரு வாடை, கோழியில ஒரு வாடை, மீனப் பேசாத. முயலு புல்லு வாடைடா பூமி. புல்லு வாடை எனக்குப் பிடிச்சிருக்கு இப்ப." நாலு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு. மச்சான் எழுந்து வெளியே போனார், நான் பின்னால் போனேன். குட்டியானையின் பின்பலகையைப் பிடித்தபடி நின்றார். "நான் ஏவ முடியாது மாப்ள. ஏவுறதும் கொல்றதும் ஒண்ணுதான். ரூபிகூட நான் சும்மா நடந்து வருவேன், அது வாட்டுக்குப் போகும். கயித்த நீ பிடி." தாய்மாமனுக்கு அந்தக் கட்டு உண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு நாளாக அதையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். நான் விலங்கியல் படித்தவன். ஒரு முயலின் உயிருக்கும் ஒரு கருப்பைக்கும் இடையில் நூல் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் கேட்டால் எழுதுவேன், இரத்தசோகை என்று எழுதுவேன், ஹார்மோன் என்று எழுதுவேன். ஆனால் பரீட்சையில் கேட்கவில்லை. இங்கே கோரைக்குள் நின்றுகொண்டிருக்கும்போது கேட்கிறது. தாய்மாமன் என்றால் பிள்ளைக்கு யார், மொட்டை போடும்போது மடியில் வைத்துக்கொள்கிறவன், காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்கிறவன். அந்த மடிக்கு ஒன்றும் ஒட்டாதா. ஒட்டாது. ஒட்டாது என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று சொல்லும்போதே அது தெரிந்ததிலிருந்து இறங்கி வெறும் நம்பிக்கை ஆகிவிடுகிறது, பார்.

ரூபியின் குரல் நின்றுவிட்டது. மடைக்கு அந்தப் பக்கம் வாடை தவறியிருக்கும். நிசப்தத்தில் சேறு சின்னச் சின்னதாக வெடிக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு மடையான் கொக்கு சேற்றில் ஒற்றைக் காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறது. மாட்டுக் குளம்புகள் பதிந்து காய்ந்த குழிகளில் வெள்ளை நத்தை ஓடுகள். கெண்டைக்காலில் கொசு. தட்டக் கூடாது. பைக் சத்தம் ஒன்று கரைமேல் வருகிறது. முயல் பிடித்தால் கேஸ், இது எனக்குத் தெரிந்தேதான் வந்தேன், வனத்துறை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால் பெயர் எழுதுவார்கள், பெயர் எழுதினால் வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அது எழுந்து நிற்கும், பூமிநாதன், பி.எஸ்ஸி., முயல். வேலை என்ன வேலை, இன்னும் கிடைக்கவே இல்லை, கிடைக்காத வேலைக்குப் போலீஸ் விசாரணை வரை போய்விட்டேன். பைக் நெருங்குகிறது. கரைக்கு மேல் பால் கேன்கள் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டு போகின்றன. பால்காரர். ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார், யாருக்கென்று தெரியவில்லை, மடையானுக்காக இருக்கலாம். மின்னல் என்னை அண்ணாந்து பார்க்கிறது. நான் கயிற்றை இறுக்கிவிட்டது அதற்குத் தெரிந்திருக்கும். பரவாயில்லை என்று அதற்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. சொல்லவில்லை.

வருகிற வியாழக்கிழமை மறுபடி இன்டர்வியூ. போன தடவை போனபோது கதவைத் திறந்தேன், வணக்கம் சொன்னேன், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். எதிரில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நல்ல மாதிரி, சிரித்த முகம். உங்களைப் பற்றிச் சொல்லுங்க தம்பி என்றார். அவ்வளவுதான். எதிரிகூட இல்லை, கஷ்டமான கேள்விகூட இல்லை. வாய் திறந்தது. உள்ளே வார்த்தை எல்லாம் இருந்தது, வரிசையாக, அயர்ன் பண்ணி மடித்து வைத்த துணி மாதிரி. ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். குடித்தேன். தண்ணீர் இறங்கியது, ஆனால் எதுவும் ஏறவில்லை. எனக்கு முன்னால் அக்காவின் தோள் இருக்க வேண்டும், இல்லை, அந்த இடத்தில் வெறும் மேஜை இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபோது அக்கா போன் செய்தாள். எப்படிடா என்றாள். பரவாயில்லக்கா என்றேன். அது வந்தது, பார், அந்தப் பொய் சுலபமாக வந்தது. இன்றைக்குக் கேட்பது ஒரே வார்த்தை. இரண்டு எழுத்து. இதைக்கூடவா சொல்ல மாட்டேன். பி. டி. கயிற்றை விடுவது, சொல்வது. விடுவது, சொல்வது. இரண்டில் எது முதலில் என்று மச்சான் சொன்னாரா.

ரூபி மறுபடி பாடுகிறது. இந்தத் தடவை கரை ஓரமாக, கருவேல மரங்களுக்குள்ளிருந்து, முன்பைவிட மேலே ஏறின குரல். வட்டம் திரும்பிவிட்டது. குரலோடு மச்சான் இருப்பார், வாயைத் திறக்காமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முள்ளில் எறும்பு இருந்தால் அதையும் தாண்டிக் கால் வைத்து. குரல் கிட்டே வரவர எனக்குள் எல்லாம் மெதுவாகிறது. அக்காவின் சமையல்கட்டு தெரிகிறது. அடுப்பில் சட்டி, அதில் மிளகு, சின்ன வெங்காயம், அவள் குனிந்து ஆவியை மோந்து பார்க்கிறாள், முகம் சுளிக்கவில்லை. ஒரு வாய் எடுக்கிறாள். நான் அந்த ஒரு வாயைத்தான் பார்க்கிறேன், அதற்கு முன்னால் நடக்க வேண்டியதை எல்லாம் தாண்டி நேராக அதற்குப் போகிறேன், எலும்பு முறிகிற சத்தம் இல்லாமல், மின்னலின் பல் இல்லாமல். அப்படி நேராகப் போக வழி கிடையாது. நடுவில் நான் நிற்கிறேன்.

கோரை பிரியவே இல்லை. சத்தமே இல்லை. பார்த்தால் இருக்கிறது. ஐந்தாறு காலடித் தூரத்தில், காய்ந்த குளம்புக் குழிகளுக்கு நடுவில், முயல். வந்ததைப் பார்க்கவில்லை, வந்து நிற்பதைத்தான் பார்க்கிறேன். இடது காதில் ஒரு பழைய கிழிசல். கழுத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கை அகலம், யாரோ மை ஒட்டின கையால் பிடித்துவிட்டு விட்டது போல. விலா ஏறி இறங்குகிறது. அடிவயிறு வரை சேறு. பின்கால்களில் எழுந்து நின்று, ரூபியின் குரல் வரும் பக்கம் காதைத் திருப்பி, பயந்த மாதிரியே இல்லை, வீட்டுக்கு யாரோ வருகிறார்கள், கதவைச் சாத்தலாமா திறக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி நிற்கிறது. அது தன் இடத்தைப் பார்க்கிறது. அந்தக் குழிவை. என் காலுக்குப் பக்கத்தில் இருப்பதை. அது போக வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். கயிறு என் கையில் இல்லை. எப்போது விட்டேன் என்று தெரியவில்லை, உள்ளங்கை திறந்திருக்கிறது. மின்னல் எழுந்துவிட்டது, தோள் முதல் வால் வரை ஒரே நடுக்கம், ஆனால் பாயவில்லை, சொல் இல்லாமல் பாயாது, அப்படித்தான் மச்சான் பழக்கியிருக்கிறார். மின்னல் முயலைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்க்கிறது. நடுவில் இருந்தவர் பார்த்த அதே மாதிரி, நல்ல விதமாக, சொல்லுங்க தம்பி என்று. வாய் திறக்கிறது. வார்த்தை இருக்கிறது. பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அக்கா ஒரு வாய் எடுக்கிறாள். மொட்டை போட்ட ஒரு தலை என் மடியில் இருக்கிறது. சொல். முயல் மூக்கை ஆட்டுகிறது. சொல்லுடா. காற்று மட்டும் வருகிறது. முயல் முன்கால்களை இறக்கி வைத்து, என்னைச் சுற்றி, உண்மையாகவே என்னை ஒரு கம்பத்தைச் சுற்றுவது போல அரைவட்டம் சுற்றி, சேற்றைத் தாண்டி, கோரைக்குள் போய்விட்டது. கோரை அப்போதும் அசையவில்லை.

ரூபி வந்தது. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து குழிவை முகர்ந்து, என் செருப்பை முகர்ந்து, அங்கேயே படுத்துவிட்டது. அதற்கு வேலை முடிந்தது போல. மச்சான் பின்னால் வந்தார். தாடியில் கருவேல இலை. கயிறு தரையில் கிடப்பதைப் பார்த்தார், மின்னல் நிற்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு மச்சான்."

அவர் குனிந்து கயிற்றைச் சுருட்டினார். "பாவம் பாத்து விட்டுட்ட. என்ன மாப்ள?" தப்பித்துப் போக ஒரு பலகை போட்டுக் கொடுத்தார், நான் அதில் ஏறி நடந்தால் போதும். ஆமாம் என்றால் நான் இரக்கமுள்ளவன்.

"இல்ல மச்சான். சத்தம் வரல."

மச்சான் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. தரையில் உட்கார்ந்து, மின்னலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, துண்டால் துடைத்தார். "நான் அந்தக் கரை முழுக்க என்ன வேண்டிக்கிட்டு வந்தேன் தெரியுமா? ஓடிரு தாயி, ஓடிருன்னுதான். வேட்டைக்காரன் வேண்டுற வேண்டுதலா இது. அவ கேட்டுட்டா, மாட்டேன்னு எப்பிடிச் சொல்ல. கெடச்சிட்டா என்ன பண்ணன்னும் தெரியல." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இப்ப அவளுக்கு என்னத்தக் கொண்டுபோய்க் குடுக்க." இரண்டு பேரும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மடையான் காலை ஊன்றிவிட்டிருந்தது.

போன் அடித்தது. மச்சானுடைய போன். எடுத்துப் பார்த்துவிட்டு, கொதிக்கிற பாத்திரத்தை மாற்றுவது போல என் கையில் வைத்தார். அக்கா.

"கெடச்சுதா?"

"இல்லக்கா."

"வரவே இல்லையா?"

"வந்துச்சுக்கா. கிட்ட வந்து நின்னுச்சு. நான்தான் விட்டுட்டேன். ஏவுற வார்த்தை வரல எனக்கு."

அந்தப் பக்கம் ஃபேன் சத்தம். பிறகு, "ரெண்டு ஆம்பள, ரெண்டு நாயி. ஒரு முயலு. நல்லா இருக்குடா ஒங்க வேட்டை," என்றாள். குரல் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் வந்திருந்தது. "கிட்ட வந்துச்சுங்கிற. எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா? பி.எஸ்ஸி. படிச்சவன் சொல்ற லட்சணமா இது. காது எப்பிடி, கண்ணு எப்பிடி. சொல்லு, கேக்குறேன்."

இடது காதில் கிழிசல் என்றேன். ம் என்றாள். அடிவயிறு வரை சேறுக்கா, பாவாடைய நனைச்சுக்கிட்டு வந்த மாதிரி. ம். அது படுத்திருந்த எடத்துல கைய வச்சேன்க்கா, சூடா இருந்துச்சு, புல்லு, நீ சொன்ன அந்த வாடைதான். புல்லு வாடையா என்றாள். ஆமாக்கா, பச்சையும் இல்லாம காஞ்சும் இல்லாம. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்துகொண்டே இருந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை, தேட வேண்டியிருக்கவில்லை. ரூபி எப்படிப் பாடியது என்று சொன்னேன், மச்சான் எறும்புக்கு வழிவிட்டு வந்ததைப் பார்த்த மாதிரி சொன்னேன், பால்காரரைச் சொன்னேன், அவள் சிரித்தாள். சிரித்தபின் வாந்திக்கு ஓடும் சத்தத்துக்காக நிறுத்திக் காத்திருந்தேன். வரவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? பசிக்குதுடா எனக்கு. பழைய சோத்துல மோர ஊத்தப் போறேன். போன வைக்காத. பேசிக்கிட்டே இரு."

மூடி திறக்கிற சத்தம் கேட்டது. கரண்டி. அவள் போனை எங்கேயோ அடுப்புப் பக்கம் வைத்துவிட்டாள் போல, குரல் தள்ளிப்போய், மில்லில் பேசுவது போலப் பெரிதாக வந்தது. "ம். வந்து நின்னுச்சு. அப்புறம்?"

அப்புறம் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. கோரைக்குள் போனது, கதை முடிந்தது, தட்டில் சோறு இப்போதுதான் விழுந்திருக்கும். மச்சான் என் முகத்துக்குக் கிட்டே வந்து போனில் காதை வைத்துக் கேட்டார். உறிஞ்சுகிற சத்தம். ஒரு வாய். மச்சான் கண்ணை மூடித் திறந்தார், வலது கை விரலை நீட்டிக் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காண்பித்தார். இன்னொரு சுற்று.

"அப்புறம்க்கா, ரூபி கிட்ட வந்துருச்சு. இது டக்குன்னு திரும்பி மறுபடியும் மடைப் பக்கம் ஓடுச்சு," என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. முயல் ஓடியது. மடையைத் தாண்டி, கரையேறி, கருவேலங்காட்டுக்குள், எதற்கும் அவசரப்படாமல், சாப்பிடுகிறவள் வேகத்துக்கு, மெதுவாக.